ரேகை விழாத கைக்கும் அரிசி கொடுங்கள்

ரேஷன் கடைகளுக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதக் கடைசியில் என் பெரியம்மா ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தார். கார்டு கையில் இருந்தது, அரிசி கடையில் இருந்தது, விற்பனையாளரும் அவரை நன்றாக அறிந்தவர்தான். மெஷினில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்களின் கைகளை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். இங்கே பாதி வீடுகளில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைதான். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகச் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பூசினாலும் எண்ணெய் விடாது. கொட்டையைப் பிடித்துக்கொள்வது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்பதால் அந்த இரண்டும்தான் முதலில் போகும். கறுத்து, வெடித்து, உரிந்து, அப்புறம் வழுவழுவென்று புதுத்தோல் வரும். அது ஆறுவதற்குள் மறுபடியும் எண்ணெய். பெரியம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதே இந்த வேலையில் உட்கார்ந்தவர், இப்போது வயது 58. அந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்?

கடையில் நடப்பது இதுதான். விரலை வைக்கச் சொல்வார்கள். விழாது. கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள். "தலையில தேச்சுட்டு வைங்கம்மா" என்பார் விற்பனையாளர். பெரியம்மா தலைமுடியில் விரலைத் தேய்த்துவிட்டு வைப்பார். அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பிறகு இடது கை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். கடைசியில் "நாளைக்கு வந்து பாருங்க" என்று கார்டைத் திருப்பித் தருவார்கள். நாளைக்கு வருவதென்றால் இன்னொரு அரைநாள் கூலி போகும். உடைத்துக் கொடுக்கிற எடைக்குத்தானே காசு?

ரேகை விழாவிட்டால் பொருள் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மத்திய உணவுத்துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், ரேகை பொருந்தாதவர்களுக்கு அட்டைகளைப் பார்த்துப் பொருள் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பும், ரேகை பொருந்தாவிட்டால் வேறு வழியில் அடையாளம் காட்ட ஏற்பாடு வேண்டும் என்றது. இதெல்லாம் எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடையின் தகரக் கதவு வரைக்கும் அது ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் என் கேள்வி.

ரேகைக்குப் பதிலாகப் போனுக்கு ஓடிபி வருமே என்பீர்கள். பெரியம்மாவின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் எண். ஷிப்ட்டில் இருக்கும்போது அவன் போனை எடுக்க முடியாது. எண்ணை மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனால் அங்கேயும் விரலை வைக்கச் சொல்கிறார்கள். கடைக்கு வர முடியாதவர்களுக்காக வேறொருவரை அனுப்பும் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் போகிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள், மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் பெரியம்மாவுக்கு அந்த வயது ஆகவில்லை. நடந்து வரவும் முடிகிறது. உழைத்ததில் ரேகை போனவர்களுக்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

ஆகவே கேட்கிறேன்: ரேகை விழாவிட்டால் அன்றைக்கே, அந்தக் கடையிலேயே, கார்டையும் ஆதாரையும் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. சுண்ணாம்புக் காளவாயில், சிமெண்ட் கலவையில், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலையிலும் 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவுக்காக நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் ஏற்ற வேண்டும் என்று விதி வந்தது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் கூலிக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். காலம் மாறட்டும், மெஷின் வரட்டும், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போலி கார்டுகளை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை எல்லாம் 20 கிலோ அரிசி வாங்க வருகிறவர் மேல்தானா? மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவர்கள் வரிசையில் நின்று விரல் வைப்பதில்லையே! ஏழை என்றாலே பொய் சொல்வார் என்று எடுத்துக்கொண்டு எழுதிய விதி இது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

விற்பனையாளரையும் குறை சொல்ல மாட்டேன். மெஷினில் ஏறாமல் பொருள் கொடுத்தால் இருப்புக் கணக்கு இடிக்கும், ஆய்வுக்கு வருகிறவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். மேலே இருந்து எழுத்தில் உத்தரவு கைக்கு வந்து சேராமல் அவர் என்ன செய்வார்? இந்தத் தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் எல்லாருக்கும் ரேஷன் என்பதை விட்டுக்கொடுக்காத மாநிலம் இது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனால்தான் கோபமும் வருகிறது.

கோபத்தில் ஒரு சொல் கூடியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்பது ஒன்றுதான். ரேகை விழாதவர்களுக்கு அன்றைக்கே பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுக்கும்படி எழுத்தில் உத்தரவு போடுங்கள். கொடுத்த விற்பனையாளர் மேல் நடவடிக்கை வராது என்பதையும் அதிலேயே சேருங்கள். எல்லாருக்கும் தெரியும்படி கடைச் சுவரில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த மாதம் பொருள் போடுவதற்குள் எங்கள் கடைக்கு அது வந்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முந்திரி உடைக்கும் வீட்டுப் பிள்ளை