தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் 'மோப்ப மூலை': நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பாலூட்டிகளுக்கு மோப்பம் எப்படி வளர்ந்தது என்பதைப் பிள்ளைகள் தொட்டும் முகர்ந்தும் பார்க்க, படிப்பகப் பின்னறையில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோம். மேசையும் விளக்கும் கைவசம் உண்டு. இன்னும் 44,000 ரூபாய் வேண்டும்.

இதில் 27,000 முப்பரிமாண அச்சில் எடுக்கும் மூன்று மாதிரிகளுக்கே போய்விடும். முதலாவது ஹட்ரோகோடியம், பாலூட்டிகளின் மிகப் பழைய உறவான ஒரு குட்டி விலங்கு. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் சீனாவின் யுன்னானில் இருந்தது. மண்டையோடு 12 மில்லிமீட்டர்தான், அதனால் பத்து மடங்காக்குகிறோம். இதன் மண்டையோட்டையும், மார்கனுகோடான் என்ற இன்னொரு பழைய உறவின் மண்டையோட்டையும் சி.டி. ஸ்கேன் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில்தான், பாலூட்டி மூளை முதலில் பெருத்ததில் மோப்பப் பகுதிக்குப் பெரும் பங்கு என்று தெரிந்தது. இரண்டாவது, நாய் மூக்கின் நெடுவெட்டு. உள்ளே சுருள் சுருளாக இருக்கும் எலும்புத் தகடுகள் அசல் அளவில் அச்சிட்டால் நொறுங்கும். இரண்டு மடங்காவது வேண்டும். இடுக்குகளில் முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சுரண்டினால் தகடும் சேர்ந்து வந்துவிடும். தண்ணீரில் கரையும் பி.வி.ஏ. இழை போட்டால் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல். நம் கடற்காற்றில் அது ஒரே நாளில் ஈரம் குடிக்கும், ஆகவே சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவும் இந்தக் கணக்கில் அடக்கம். மூன்றாவது, கடலோரத்தில் ஓங்கில் என்று சொல்லும் டால்பின். மூக்குத் துளை உச்சந்தலைக்கு ஏறிவிட்டது, வளர்ந்த விலங்கின் மூளையில் மோப்பக் குமிழே (மணச் செய்தியை முதலில் வாங்கும் பகுதி) கிடையாது.

பாசிமணிச் சரங்களுக்கு 3,500. மூக்கில் மணத்தைப் பிடிக்கும் புரதம்தான் மோப்ப ஏற்பி. அதை உருவாக்கும், வேலை செய்யும் மரபணு ஒன்றுக்கு ஒரு மணி: மனிதருக்குச் சுமார் 400, நாய்க்கு 800, சுண்டெலிக்கு 1,100, ஆப்பிரிக்க யானைக்கு 2,000 அளவில். இந்த மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு. நூல் அறுந்துவிடும் என்பதால் தங்கூசி நரம்பில் கோக்கிறோம்.

முகரும் புட்டிகளுக்கு 4,500. 30 மில்லி பழுப்புக் கண்ணாடிதான் சரி. பிளாஸ்டிக் வாசனையை உறிஞ்சும், பிறகு கிராம்பும் பெருங்காயமும் ஒன்றாய் அடிக்கும். வாசனைப் பொருளைக் கலக்கத் தேங்காய் எண்ணெய் ஆகாது, அதற்கே வாசனை உண்டு. மணமில்லாத திரவ பாரஃபின் எண்ணெய் போதும். பஞ்சு 15 நாளுக்கொரு முறை, கருவாட்டுத் தூள் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லையேல் பூஞ்சைதான் மணக்கும். இதற்கு ஓராண்டுக்கு 6,000. புகைபோக்கி விசிறிக்கு 3,000. வாசனைத் திரவியக் கடைகளில் செய்வதுபோல் இரண்டு புட்டிகளுக்கு நடுவே காபிக்கொட்டை முகரத் தேவையில்லை, நல்ல காற்றை நாலு முறை இழுத்தாலே மூக்கு தெளியும்.

கசிவு தெரிவதற்காகச் சமையல் எரிவாயுவில் கலக்கும் நாற்றப் பொருளான மெர்காப்டனையும் வைக்கச் சிலர் சொல்கிறார்கள். வைக்க மாட்டோம். ஒரு சொட்டு கசிந்தால் தெருவே சிலிண்டரை மூட ஓடும்.

பணமாகத் தர இயலாதவர்கள் காலி இருமல் மருந்துக் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவித் தரலாம். மூடி வேண்டாம், அதன் உள்வட்டில் ஏறிய மருந்து வாடை எத்தனை கொதிநீரிலும் போகாது. பணம் தருபவர்கள் படிப்பகத்தில் நேரில் கொடுத்து, ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதந்தோறும் வாசல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர்