லோடு பிக்கப்புக்கு நீங்கள் அனுப்பிய சைலன்சர் பற்றிய புகார் – பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார்.

உங்கள் கம்பெனியில் என் பிக்கப் வண்டிக்கு ஒரு சைலன்சர் செட் வாங்கினேன். டிபிஎஃப் (டீசல் புகையில் இருக்கிற கரியைப் பிடிப்பது) ஃபில்டருக்குப் பின்னால் வரும் பைப், சைலன்சர் டப்பா, டெயில் பைப், கிளாம்ப், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். நீங்கள் சொன்ன பொருள் வரவில்லை, வந்த பொருள் லோடு வண்டிக்கு ஆகாது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் "மாட்டிய பொருளை ரிட்டர்ன் எடுப்பதில்லை" என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்கள். போனில் பேசினால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்து முதலில் இருந்து கதை கேட்கிறார். அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். பில், வாட்ஸ்அப்பில் நாம் பேசியது, போட்டோ, வீடியோ எல்லாம் இதோடு இருக்கின்றன. வண்டி மாடலும் சேஸ் நம்பரும் பில்லிலேயே உள்ளன.

நான் காசிமேட்டில் இருந்து மீன் லோடு அடிக்கிறவன். சொந்த வண்டி, நானேதான் டிரைவர். விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் ஏலம் முடிந்து பெட்டி ஏறிவிடும், அங்கிருந்து வானகரம் மார்க்கெட். மீன் வண்டியில் சைலன்சர் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். பெட்டியில் இருக்கிற ஐஸ் உருகி, உப்பும் மீன் ரத்தமும் கலந்த தண்ணீர் பாடி பலகை இடுக்கு வழியாக இறங்கி, சூடாக இருக்கிற சைலன்சர் மேலேயே நேராகச் சொட்டிக்கொண்டிருக்கும். வெளியே அது. உள்ளே, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது புகையில் இருக்கிற ஈரம் டப்பாவின் அடியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். போதாததற்கு ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வண்டி நிறுத்தினாலே கடல் காற்று போதும், போல்ட் எல்லாம் துரு ஏறிவிடும். என் வண்டியோடு வந்த சைலன்சர் இப்படித்தான் வெல்டிங் தையல் விட்டுப் போனது. ஷோரூமில் விசாரித்தால் விலையும் ஜாஸ்தி, ஸ்டாக்கும் இல்லை என்றார்கள். அதனால் வெளியே தேடினேன், உங்கள் விற்பனைப் பக்கம் கண்ணில் பட்டது.

ஆர்டர் போடுவதற்கு முன் நான் கேட்டதெல்லாம் வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது, தயவு செய்து படியுங்கள். மீன் லோடு வண்டி, உப்புத் தண்ணீர் படும், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 தகடுதானா என்று கேட்டேன். "ஃபுல் 304 சார்" என்று பதில். வெல்டிங் வைக்காமல் அப்படியே மாட்டலாமா என்றேன். "டைரக்ட் ஃபிட் சார், போல்ட் மட்டும்தான்" என்று பதில். சத்தம் வண்டியோடு வந்த கம்பெனி சைலன்சர் அளவுதானே இருக்கும் என்றதற்கு "அதே சத்தம்தான், இன்னும் ஸ்மூத்தாக இருக்கும்" என்றார். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் பக்கத்தில் இருந்து என்னிடம் கேட்கப்பட்டது வண்டிப் பெயர் ஒன்றுதான். எந்த வருட மாடல், புகை விதியில் பி.எஸ். 4-ஆ பி.எஸ். 6-ஆ, நீள சேஸா குட்டை சேஸா, எவ்வளவு லோடு ஏற்றுவீர்கள், பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டு கூடுதலாகப் போட்டிருக்கிறீர்களா, ஸ்டெப்னி எங்கே தொங்குகிறது, ஒரு கேள்வி கிடையாது. ஒரே பெயரில் ஓடுகிற வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் ஹேங்கர் (சைலன்சரைத் தொங்கவிடுகிற கம்பி) இடம் மாறும், ஃபில்டர் இருக்கிற வண்டி இல்லாத வண்டி என்று பைப் நீளம் மாறும். இதைக் கேட்காமல் சைலன்சர் விற்க முடியாது சார்.

முதலில் தகடு. பார்சல் வந்ததும் பளபளவென்றுதான் இருந்தது. தண்டையார்பேட்டையில் நான் வழக்கமாக வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒரு காந்தத்தை எடுத்து டப்பா மேல் வைத்தார், கப்பென்று பிடித்துக்கொண்டது. 304-ஐக் காந்தம் இப்படிப் பிடிக்காது. வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம், அது எனக்கும் தெரியும், அதனால் வளைவே இல்லாத நேர் பைப்பிலும் டப்பாவின் தட்டையான பக்கத்திலும் வைத்துப் பார்த்தோம், எல்லா இடத்திலும் கையால் இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தது. வீடியோ இருக்கிறது. இது 409 என்கிற வேறு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகத்தான் இருக்க வேண்டும். 409-ஐக் கெட்ட தகடு என்று நான் சொல்லவில்லை, வண்டிக் கம்பெனிகளே சைலன்சருக்கு அதைத்தான் நிறைய போடுகிறார்கள். ஆனால் அதில் குரோமியம் 11 சதவீதம் போல, நிக்கல் கிட்டத்தட்டக் கிடையாது. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8. உப்புத் தண்ணீர் படுகிற இடத்தில் இந்த வித்தியாசம்தான் எல்லாம், விலை வித்தியாசமும் அதனால்தான். 304 என்று சொல்லி 304-க்கான காசு வாங்கிவிட்டு இதை அனுப்பியிருக்கிறீர்கள். மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டியதுமே வெல்டிங் தையல் ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் துரு கோடு போட்டுவிட்டது. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பயம் கொடுத்தது. காலி வண்டியாக ஒர்க்ஷாப் பள்ளத்தில் (பிட்டில்) நிறுத்தி மாட்டினோம். ஹேங்கர் கம்பி சேஸில் இருக்கிற ரப்பருக்கு நேராக வரவில்லை, அண்ணன் ரப்பரை இழுத்துத்தான் கோத்தார். பின் ஆக்சிலுக்கு (சக்கர அச்சு) மேலே வளைந்து போகிற பைப்புக்கும் ஆக்சிலை மூடியிருக்கிற ஹவுசிங்குக்கும் நடுவே விரல் விடுகிற அளவுதான் இடம் இருந்தது. பழைய பைப் அந்த இடத்தில் நல்ல உயரமாக வளைந்து போகும், கையையே விடலாம். போனில் கேட்டதற்கு "அது போதும் சார்" என்றார்கள். மறுநாள் விடியற்காலை பெட்டி ஏற்றித் துறைமுகத்தை விட்டு வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் அடியில் 'டங்' என்று ஒரு அடி. லோடு ஏறினால் பிளேட்டு அமுங்கி ஆக்சில் மேலே வரும், பைப் சேஸோடு அப்படியே நிற்கும், இரண்டும் மோதத்தானே செய்யும்? லோடோடு கொண்டுபோய்ப் பிட்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தோம். பைப்பின் அடிப்பக்கம் நசுங்கித் தட்டையாகிவிட்டது, ஹவுசிங் மேலே பெயிண்ட் உரிந்து இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்த அடி விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஹவுசிங்கை ஒட்டி, பிரேக் ஆயில் பைப் போகிறது. மெல்லிசான பைப் சார் அது. கொஞ்சம் தள்ளி அடித்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், முழு லோடோடு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடுகிற வண்டி. இந்த செட்டை நீங்கள் ஒரு தடவையாவது லோடு ஏற்றிய வண்டியில் மாட்டிப் பார்த்தீர்களா? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

டெயில் பைப்பும் நீளம் போதவில்லை. பழையது பாடி ஓரத்தைத் தாண்டி வெளியே புகை விடும். உங்களுடையது ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பாடிக்கு அடியிலேயே முடிந்துவிடுகிறது. வானகரத்தில் இறங்கி ஸ்டெப்னியைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, டயர் ஓரம் கருத்துப் போயிருக்கிறது. புகை பலகை இடுக்கு வழியாக மேலே ஏறுகிறது. என்னிடம் பல வருடமாக லோடு கொடுக்கிற வியாபாரி ஒருவர் பெட்டியைத் திறந்ததும், "என்னப்பா, வஞ்சிரம் டீசல் நாத்தம் அடிக்குது" என்று முகத்துக்கு நேரே கேட்டார். மீன் தொழிலில் இந்தப் பேச்சு ஒரு தடவை வந்தால் போதும், லோடு அடுத்த வண்டிக்குப் போய்விடும்.

சத்தம் பற்றி. டப்பாவின் ஒரு முனையில் டார்ச் வைத்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறது. அதாவது உள்ளே தடுப்பு அறையே இல்லை, ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு, அவ்வளவுதான். கம்பெனி சைலன்சரில் அறை அறையாகத் தடுத்துப் புகையைத் திருப்பித் திருப்பி விட்டுத்தான் சத்தத்தை அடக்குவார்கள். இந்தப் பஞ்சு வகையில் ஈரம் சேரச் சேரப் பஞ்சு கட்டியாகி, உதிர்ந்து, சத்தம் இன்னும் கூடும், என் வண்டியில் ஈரத்துக்கா குறைச்சல்? லோடோடு மின்ட் மேம்பாலம் ஏறும்போது கேபினுக்குள் காது அடைக்கிற மாதிரி ஒரு முழக்கம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லோடுமேனிடம் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் தெரு கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற குறுகல் தெரு. அந்த நேரத்தில் வண்டியை எடுக்கவே மனசு வரவில்லை, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினேன். என் ரூட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். போலீஸ் ஒருவர் நிறுத்தி விசாரித்தார், பில்லைக் காட்டி, மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி வந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி சத்தம், புகை அளவு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும், லைசென்ஸும் மூன்று மாதம் நிற்கும். டிரைவர் தொழில் செய்கிறவனுக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் அடுப்பு எரியாது. மஞ்சள் போர்டு வண்டி என்பதால் எஃப்சிக்கும் (வண்டித் தகுதிச் சான்று) போயாக வேண்டும், அங்கே இந்த டப்பாவை மாட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது.

இதைச் சொன்னபோது உங்கள் டெக்னிக்கல் ஆள் சொன்ன யோசனைதான் என்னால் பொறுக்க முடியாதது. "ஃபில்டரை எடுத்துவிட்டு ஸ்ட்ரைட் பைப் போடுங்கள், இழுவை கூடும், மைலேஜும் கூடும், ஹேங்கர் பிரச்சினையும் போய்விடும்" என்றார். பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரலில். டீசல் கரியைப் பிடிப்பதற்குத்தான் அந்த ஃபில்டர். அதன் முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கிற சென்சார் இருக்கிறது, எடுத்தால் மீட்டரில் லைட் எரியும், எஞ்சின் பவரைக் குறைத்துவிடும், அப்புறம் அதை ஏமாற்ற எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவில் கை வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியதற்கு அதே சட்டத்தின் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், அதுவும் வண்டி உரிமையாளர் மேல்தான், விற்ற உங்கள் மேல் இல்லை. சட்டம் கிடக்கட்டும் சார். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஜனங்கள் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், உர ஆலை, நாள் பூரா ஓடுகிற கன்டெய்னர் லாரி என்று எல்லாப் புகையையும் சேர்த்து மூச்சில் வாங்குகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து எங்கள் மீனவர்களின் வலையும் படகும் வீணானதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த ஜனங்களுக்கு நடுவே வண்டி ஓட்டுகிற என்னிடம் ஃபில்டரைப் பிடுங்கிப் போடு என்று ஒரு கம்பெனி சொல்லலாமா? இந்த யோசனையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

வாரண்டி விஷயமும் இருக்கிறது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் மஞ்சள் போர்டு பிக்கப் படம் போட்டு "3 வருட வாரண்டி" என்று போட்டிருக்கிறீர்கள். பெட்டிக்குள் இருந்த கார்டில் பொடி எழுத்தில் "வணிக வாகனங்களுக்குப் பொருந்தாது" என்று இருக்கிறது. லோடு வண்டிக்காரனிடம் விற்றுவிட்டு லோடு வண்டிக்கு வாரண்டி இல்லை என்றால் என்ன நியாயம்?

மாட்டிய பொருளை எடுக்க மாட்டோம் என்கிறீர்கள். மாட்டி, லோடு ஏற்றினால்தானே இந்தக் குறை தெரியும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல், ஒரு தரத்தில் இல்லாத பொருளை அந்தத் தரம் என்று சொல்லி விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாள் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை, நான் முதல் புகார் அனுப்பியது அந்த 30 நாளுக்குள்தான், தேதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. வணிக வண்டி என்பதால் நான் நுகர்வோர் இல்லை என்றும் சொல்ல வேண்டாம், சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான். 18,500 ரூபாய் முழுவதும் திரும்ப வர வேண்டும், மாட்டவும் கழற்றவும் ஆன கூலி 1,800 ரூபாய் சேர்த்து. மெக்கானிக் ரசீது இணைப்பில் இருக்கிறது. செட்டைக் கழற்றிப் பழைய பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன், உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு செட் அனுப்புகிறோம் என்றால் எனக்கு வேண்டாம், பழைய டப்பாவையே அண்ணன் ஒட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார், ஷோரூம் சைலன்சர் வரும்வரை அதில் ஓட்டிக்கொள்கிறேன். இன்னொன்று, இது பணத்தை விட முக்கியம்: இதே செட்டை லோடு பிக்கப்புக்கு வாங்கியவர்கள் எல்லோருக்கும் போன் பண்ணி, லோடு ஏற்றிய நிலையில் ஆக்சில் இடைவெளியையும் பிரேக் பைப்பையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். நம்பர் எல்லாம் உங்கள் பில்லிங்கிலேயே இருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. போனில் பேசுவதாக இருந்தால் மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் நான் வண்டியில் இருப்பேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
காசிமேடு, சென்னை – 13