ஐந்தாண்டு விலையையும் சேர்த்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் தொழில் பக்கங்களில், தகவல் சேமிப்பையும் சர்வருக்குள்ளேயே சேர்த்துவிடும் 'ஹைப்பர் கன்வர்ஜ்டு' சர்வர் அமைப்பு பற்றிய விளம்பரக் கட்டுரைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. திருப்பூரில் மதிய உணவோடு நடக்கும் விளக்கக் கூட்டங்களிலும் இதே பேச்சுதான். நான் இங்கே பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துக்கொள்பவன். எங்களிடம் இந்த அமைப்பு ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. விற்பவர்கள் விழுங்கிவிடும் கணக்கைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

முன்பெல்லாம் சர்வர் தனி, ஸ்டோரேஜ் பெட்டி தனி, இரண்டையும் இணைக்கும் சுவிட்ச் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்பு ஒப்பந்தம்; பழுது என்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். இப்போது இந்த அமைப்பில் சாதாரண சர்வர்கள் மூன்றை வாங்கி வைத்தால், அவற்றுக்குள் இருக்கும் டிஸ்க்குகளையெல்லாம் ஒரு மென்பொருள் பொதுச் சேமிப்பாக்கிவிடுகிறது. ஒரு சர்வர் படுத்தால் அதில் ஓடிய ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளும் டேலி கணக்கு மென்பொருளும் சில நிமிடங்களில் அடுத்த சர்வரில் எழுந்துகொள்ளும். இன்வாய்ஸ் அச்சாகாமல் கன்டெய்னர் லாரி வாசலில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வேலை நாளிலேயே ஒரு சர்வரை நிறுத்தி ராம் மாற்ற முடிகிறது. என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தது அதனால்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். சர்வருக்கு 8 டெராபைட் வீதம் மூன்றுக்கும் சேர்த்து 24 என்று விலைப்புள்ளியில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஒவ்வொரு தகவலும் இரண்டு சர்வர்களில் இருந்தாக வேண்டும் என்பதால் அது 12 ஆகிறது. ஒரு சர்வர் போய்விட்டால் மீதி இரண்டுக்குள் மறுபடியும் இரண்டு பிரதிகள் எடுக்க இடம் வேண்டுமே? அதையும் கழித்தால் நிம்மதியாக நிரப்பக்கூடியது 8 மட்டுமே. மூன்று பிரதிகள் வைத்தாலும் அதே 8தான். தகவலைச் சுருக்கி வைக்கும் வசதி இருக்கிறது என்பார்கள். கணக்கு விவரங்கள் சுருங்கும். சிசிடிவி பதிவும் பையருக்கு அனுப்பும் ஜேபெக் படங்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அதற்கு மேல் சுருங்காது. டிஸ்க் செருக இடமில்லாமல் போனால் நான்காவது சர்வர்தான் வழி. வேண்டியது இடம் மட்டும் என்றாலும் பிராசசருக்கும் உரிமத்துக்கும் சேர்த்தே காசு கொடுக்க வேண்டும். அதனால் சிசிடிவியை இதற்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் கட்சி.

உரிமக் கட்டணம்தான் பெரிய விஷயம். விண்டோஸ் சர்வரில், பிராசசர் எவ்வளவு சிறியதானாலும் ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு (பிராசசருக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதிகளுக்கு) உரிமம் வாங்கியாக வேண்டும். அதிலேயே இந்தச் சேமிப்பு வசதி வேண்டுமென்றால் விலை கூடிய டேட்டாசென்டர் பதிப்புக்குப் போக வேண்டும். ஒரே சர்வரைப் பல சர்வர்கள் போல ஓடவைக்கும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை, ப்ராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நின்றது, எல்லாம் சந்தா என்றாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சிஸ்கோ ஹைப்பர்ஃபிளெக்ஸ் என்ற தன் ஹைப்பர் கன்வர்ஜ்டு சர்வர் வரிசையை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. சிறிய கம்பெனிகள் அல்ல, உலகப் பெரும் கம்பெனிகள் இவை. சர்வரின் இரும்பு ஏழெட்டு ஆண்டுகள் உழைக்கும். அதன் மேல் ஓடும் மென்பொருளின் விலை யார் கையில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே பார்க்க வேண்டாமா?

இதற்கு மாற்றாக, வியன்னாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற திறமூல மென்பொருளைச் சொல்வார்கள். உரிமக் கட்டணமே இல்லை, செஃப் என்ற சேமிப்பு மென்பொருளும் கூடவே வருகிறது, விரும்பினால் ஆதரவுச் சந்தா கட்டலாம். நல்ல பொருள். ஆனால் செஃப் தகராறு செய்தால் இரவு பத்து மணிக்கு வந்து சரிசெய்யத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பிரதிகள் இருக்கின்றனவே, பேக்கப் எதற்கு என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. ரேன்சம்வேர் என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள் ஒரு கோப்பைப் பூட்டினால் எல்லாப் பிரதிகளும் அதே நொடியில் பூட்டப்படும். மூன்று சர்வர்களும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் தீயும் மின்கோளாறும் மூன்றையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். பேக்கப்புக்கு வேறு இடமும் வேறு கடவுச்சொல்லும் தேவை; அந்தச் செலவு விலைப்புள்ளியில் இருக்காது.

இருபது கம்ப்யூட்டர் உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நல்ல சர்வர் ஒன்று, இரவுதோறும் நகல் எடுத்துக்கொள்ள இன்னொன்று. அரை நாள் வேலை நின்றாலும் சமாளித்துவிடலாம்.

இத்தகைய கட்டுரைகளைத் தங்கள் நாளிதழில் வெளியிடும்போது, விற்பனையாளரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி அச்சிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்: ஒரு சர்வர் நின்ற பிறகும் பயன்படுத்தக்கூடிய டெராபைட் எவ்வளவு, உரிமப் புதுப்பிப்பும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆகும் மொத்தத் தொகை எவ்வளவு.

இப்படிக்கு,
பின்னலாடை நிறுவனக் கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர்,
திருப்பூர்.