அப்பாவுக்கு: சுக்கானின் கனம் குறைந்த விதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா? போனில் பேசும்போது, "லீவு நாளானா அந்தப் படகை வச்சுக்கிட்டு என்னதான் பண்றே?" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதிதான் புரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படமும் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். இதில் முக்கால்வாசி உங்கள் தச்சுத் தொழில்தான் அப்பா. நூல் பிடிப்பது, அராவுவது, துளை போடுவது.

இந்த நாட்டுக் கோடையில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஆபீஸ் விட்டு வந்த பிறகும் ஏரியில் படகு விடலாம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் நானும் சேர்ந்து பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கியதைத்தான் முன்பே சொன்னேனே, நீளம் 14 அடி. பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, நடுவில் இறக்கி ஏற்றுகிற நடுப்பலகை, பின்பக்கத்தில் தொங்கும் சுக்கான். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் படகில் கால் வைப்பதில்லை, நானும்தான். அம்மாவிடம் இதை முதலில் படித்துக் காட்டுங்கள்.

விற்றவர், "இந்தப் படகுக்கு டில்லர் கொஞ்சம் கனம், கை பழகிவிடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். டில்லர் என்பது சுக்கானைத் திருப்பக் கையில் பிடிக்கும் நீளக் கட்டை. காற்று நன்றாக அடிக்கும்போது ஒரு மணி நேரம் அதைப் பிடித்திருந்தால் தோள்பட்டை கழன்று விடும். என் கூட்டாளியின் மனைவிக்கும் ஓட்ட ஆசை. பத்து நிமிடத்தில் கை சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். பலம் உள்ளவர்தான் ஓட்டலாம் என்றால் அது நல்ல படகே இல்லை என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு சின்னப் படகை இரண்டு விரலால் திருப்ப முடிய வேண்டும்.

படகுத்துறையில் வயதான ஒருவர் இருக்கிறார். ஆயுள் முழுவதும் பாய்ப்படகு ஓட்டியவர், எழுபதைத் தாண்டியும் தன் படகுக்குத் தானே வர்ணம் பூசுகிறார். என் பேச்சு அவருக்குப் பாதி புரியாது, அவர் பேச்சு எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஒரு பென்சிலும் ஒரு பலகைத் துண்டும் கிடைத்தால் எங்கள் இருவருக்கும் எல்லாம் புரிந்துவிடும். அவர் முதலில் கேட்டது, "டில்லர் எவ்வளவு கனம்?" என்று இல்லை. "படகு நேராகப் போகும்போது டில்லரின் நுனி நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது?" என்றார்.

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது அப்பா. எங்கள் டில்லர் 90 செ.மீ. நீளம். அதன் நுனி நடுக்கோட்டிலிருந்து 8 செ.மீ. விலகினால் சுக்கான் 5 டிகிரி திரும்பியிருக்கிறது என்று கணக்கு. 23 செ.மீ. விலகினால் 15 டிகிரி. காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும்போது 3 முதல் 5 டிகிரி வரை இருப்பது நல்லது. பதினைந்தை எட்டினால் சுக்கான் திருப்புவதை விட்டுவிட்டு பிரேக் பிடிக்கத்தான் உதவும். விலகல் அதிகமாக இருந்தால் குற்றம் பாயில், பாய்மரத்தின் சாய்வில், நடுப்பலகையில் இருக்கும். விலகல் கொஞ்சமாக இருந்தும் கை கனத்தால் குற்றம் சுக்கானில்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பாயைத் திருத்தித் திருத்தி வருடக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு என்றார்.

டில்லரின் நுனிக்குக் கீழே குறுக்குப் பலகையில் நிறநாடா ஒட்டி 8 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் குறி வைத்தோம். நடுத்தரக் காற்று, படகை நிமிர்த்தி வைத்து ஓட்டினோம். நுனி முதல் குறியைத் தாண்டவே இல்லை. ஆனால் கை வலித்தது. ஆக, சுக்கான்.

இனி உங்கள் பகுதி. படகின் பின்பலகையில் இரண்டு வளையங்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. சுக்கானில் உள்ள இரண்டு முளைகள் அவற்றில் இறங்கி உட்காரும். இரண்டு முளைகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அதுதான் சுக்கான் திரும்பும் அச்சு, கதவுக்குக் கீல் மாதிரி. தண்ணீருக்குள் இறங்கும் பலகை, சுக்கான் தலையின் இரண்டு கன்னப் பலகைகளுக்கு நடுவே ஒரே ஒரு போல்ட்டில் தொங்குகிறது. கரையில் தட்டினால் பின்னால் மடங்கிக்கொள்ள அந்த ஏற்பாடு. ஒரு கயிறு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

பலகையின் அகலம் 24 செ.மீ. நல்ல வடிவமுள்ள பலகையில் தண்ணீரின் தள்ளல் முழுவதும், முன்விளிம்பிலிருந்து கால்வாசி அகலத்தில், அதாவது 6 செ.மீ. உள்ளே, ஒரே இடத்தில் கூடி நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கும் முளைக்கோட்டுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு கனம் கையில் விழும். முன்விளிம்பு சரியாக முளைக்கோட்டில் நின்றால் தூரம் 6 செ.மீ. ஆனால் எங்கள் பலகை ஓடும்போது அங்கே நிற்கவில்லை. பலகையின் பக்கத்தில் வெள்ளை நாடா ஒட்டிவிட்டு, ஓடும்போது கூட்டாளி பின்பக்கம் குனிந்து பார்த்தார். கீழே இழுக்கும் கயிறு பழைய நைலான். தண்ணீர் தள்ளத் தள்ள அது நீண்டு, பலகை பத்து டிகிரி போல பின்னால் சாய்ந்து நின்றது. பத்து டிகிரி என்றால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் போல்ட்டிலிருந்து 40 செ.மீ. கீழே, பலகையின் நடுப்பகுதியில், அது 7 செ.மீ. ஆறும் ஏழும் பதின்மூன்று. கனம் இரண்டு மடங்குக்கும் மேல்.

எண்ணாகவே சொல்கிறேன். 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் அந்தப் பலகையின் மேல் 20 கிலோ தள்ளல் வருவது சாதாரணம். 13 செ.மீ. தூரத்தில் 20 கிலோ, அதை 90 செ.மீ. டில்லரால் தாங்க வேண்டும்: கையில் 2.9 கிலோ. ஒரு மணி நேரம் மூன்று கிலோவை விடாமல் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தள்ளல் நான்கு மடங்கு. காற்று ஏற ஏறக் கை விட்டுப்போனதற்கு இதுதான் காரணம்.

முதல் வேலை கயிறு. நைலானை எடுத்துவிட்டு டைனீமா என்கிற கயிறு போட்டோம், அது கிட்டத்தட்ட நீளவே நீளாது. நீளாத கயிறு போட்டால் இன்னொன்றும் செய்தாக வேண்டும்: பலகை தரையில் மோதினால் கயிற்றைத் தானே விட்டுவிடும் வகைக் கொண்டி. இல்லையென்றால் கயிறு அறாது, பலகையோ பின்பலகையோ பிளக்கும். இதை மட்டும் செய்ததிலேயே கனம் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. 1996 முதல் ஒலிம்பிக்கில் ஓடும் லேசர் படகிலும் சுக்கான் கயிற்றை இறுகக் கட்டிப் பலகையை முழுக்க இறக்கு என்பதுதான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. பெரிய செலவு இல்லாத வைத்தியம் இது. முதலில் இதைப் பார்க்காமல் உளியைத் தொடக் கூடாது.

இரண்டாவது வேலைக்குச் சுக்கானைக் கழற்றித் தரையில் கிடத்தினேன். இரண்டு முளைகளின் நடுவையும் தொட்டுக்கொண்டு நூல் கட்டிப் பலகையின் அடிவரை இழுத்தேன். நீங்கள் கதவு நிலைக்கு நூல் பிடிக்கிற அதே மாதிரி, ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு. பென்சிலால் கோடு போட்டேன். பலகையை முழுக்கக் கீழே இறக்கிய நிலையில் முன்விளிம்பு கோட்டோடு ஒட்டி நின்றது. கோட்டுக்கு முன்னால் பலகை ஒரு விரற்கடைகூட இல்லை. கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் பலகை வந்தால், அங்கே தள்ளும் தண்ணீர் பின்னால் தள்ளும் தண்ணீரைச் சரிக்கட்டும்.

பலகை இதற்குமேல் முன்னே வராமல் தடுப்பது தலைக்குள் இருக்கும் ஒரு சின்னத் தடைக்கட்டை. அது போல்ட்டிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதை அரத்தால் 4 மி.மீ. தேய்த்தேன். நான்கு மில்லிமீட்டர்தான்! போல்ட்டிலிருந்து 75 செ.மீ. கீழே இருக்கும் நுனி 5 செ.மீ. முன்னே வந்துவிட்டது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நிறுத்தி, மாட்டி, நூலைப் பிடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். மரத்தை எடுத்தால் திரும்ப ஒட்ட முடியாது என்று நீங்கள் சொல்வது காதில் இருந்துகொண்டே இருந்தது.

இப்போது பலகையின் பரப்பில் 11 சதவீதம் முளைக்கோட்டுக்கு முன்னால் இருக்கிறது. பத்திலிருந்து பதினைந்து வரை வைப்பது வழக்கம். இருபதைத் தாண்டக் கூடாது. கால்வாசிக்கு மேல் முன்னே போனால் சுக்கான் தானாகவே ஒரு பக்கம் பாய்ந்து டில்லரைக் கையிலிருந்து பிடுங்கும். கனத்தைவிட அது மோசம், ஆபத்தும்கூட. நடுப்பகுதியில் தூரம் இப்போது 3.3 செ.மீ. அதே 20 கிலோவுக்குக் கையில் விழுவது 700 கிராம் சொச்சம். பந்தயத்துக்கென்று ஒரே மாதிரி கட்டும் படகுகளில் இப்படித் தேய்க்க விதி இடம் கொடுக்காமல் போகலாம், விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அரத்தை எடுக்க வேண்டும். எங்களுடையது சும்மா ஓட்டும் படகு.

சில்லறை வேலைகளும் செய்தேன். முளைகள் வளையத்தில் ஆடாமல் இருக்க நைலான் வாஷர், பலகை கன்னங்களுக்கு நடுவே ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். பின்விளிம்பு தடியாக வெட்டுப்பட்டிருந்ததால் வேகமாகப் போகும்போது ஒரு ரீங்காரம் கேட்கும். உப்புத்தாள் போட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினேன், சத்தம் நின்றது.

பாய்ப் பக்கம் திருத்த அவ்வளவாக ஒன்றும் இல்லை. காற்று பலமாகிப் படகு ஒருக்களித்தால், எந்தச் சுக்கானாக இருந்தாலும் அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அப்போது டில்லரோடு மல்லுக்கு நிற்காமல் பெரிய பாயின் கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடம்பை வெளியே தள்ளி, படகை நிமிர்த்திவிட வேண்டும். நடுப்பலகையைச் சிறிது தூக்கினால் அது பின்னால் சாயும், காற்றை நோக்கித் திருப்பும் அந்த இழுப்பு குறையும். அதற்கும் அடங்காவிட்டால்தான் பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்கயிற்றைச் சுருக்கி, மரத்தை முன்னே சாய்ப்பது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் இழுப்பை அடியோடு எடுத்துவிடக் கூடாது என்பதில் அந்தப் பெரியவர் கண்டிப்பு. நானும் அதையே நம்புகிறேன். டில்லரைக் கைவிட்டால் படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடத்து, தானே நின்றுவிட வேண்டும். தண்ணீரில் விழுந்தவருக்கு அதுதான் உயிர். எதிர்ப்பக்கம் திரும்புகிற படகு அவரை விட்டுவிட்டு ஓடிவிடும். அதனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு, கரையோரத்தில் டில்லரை விட்டுவிட்டுப் பார்த்தோம். படகு அவசரமில்லாமல் திரும்பி நின்றது.

இப்போது கூட்டாளியின் மனைவி மாலை முழுவதும் ஓட்டுகிறார். டில்லரை விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டால் போதும். முன்பு கனம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது காற்று கொஞ்சம் கூடினாலும் பாய் சற்றுத் தளர்ந்தாலும் அந்த மரத்தில் தெரிகிறது. அதற்காகவே இவ்வளவும் செய்யலாம்.

உங்களிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் பலகை பழைய ப்ளைவுட். ஓரத்தில் தண்ணீர் ஏறி அடுக்குகள் விடத் தொடங்கியிருக்கின்றன. குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும், அப்போது புதுசு ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். வடிவத்துக்கு நாக்கா 0012 என்று ஒரு கணக்கு இருக்கிறது. விமான இறக்கைகளுக்காக அமெரிக்காவில் 1933-இல் வெளியிட்ட வரிசையில் ஒன்று, சுக்கானுக்கும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். தடிமன் அகலத்தில் 12 சதவீதம், முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில் அதிகத் தடிமன், அங்கிருந்து பின்னே மெலிந்துகொண்டே போகும். 24 செ.மீ.க்கு 2.9 செ.மீ. தடிமன் வரும். ப்ளைவுட்டாக இல்லாமல் முழு மரத்தில் நான்கு செ.மீ. அகலத்துக்குக் கீற்றுகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்று ரேகையைத் திருப்பி வைத்து எபாக்சியில் ஒட்டினால் முறுக்காது என்று இங்கே சொல்கிறார்கள். நீங்களும் அகலமான மேசைப்பலகைக்கு அப்படித்தானே செய்வீர்கள்? முன்விளிம்புக்கு மட்டும் கெட்டி மரமாக ஒரு கீற்று வைத்தால், இரண்டு மரமும் வேறு வேறு அளவில் ஊறி ஒட்டு விட்டுப்போகுமா? இழைப்புளியை ரேகையோடு தள்ளுவதா, வளைவுக்கு ஏற்பக் குறுக்கே தள்ளிவிட்டுக் கடைசியில் நேராகத் தள்ளுவதா? படத்தில் அளவுகள் எல்லாம் குறித்திருக்கிறேன். அதன்மேலேயே சிவப்புப் பென்சிலால் திருத்தி, தம்பியிடம் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பனி விழுவதற்கு முன்னால் மரம் வாங்கி உலரப் போட வேண்டும்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகன்