நால்வரையும் பாராட்டுங்கள்

ஆசிரியருக்கு,

இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, செல்லோ என நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் ஸ்டிரிங் குவார்ட்டெட் குழு ஒன்றின் கச்சேரிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த விமர்சனத்தை மகிழ்ச்சியோடு படித்தேன். அந்தக் குழுவுக்குக் கிடைத்த பாராட்டு முற்றிலும் தகுதியானது. ஆனால் பாராட்டில் பெரும்பகுதி முதல் வயலினுக்கே போய்விட்டது. இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ மூன்றுக்கும் சேர்த்து 'அருமையான ஒத்துழைப்பு' என்ற ஒரே வரிதான். இந்த இசையில் முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கிடையாது. பீத்தோவன் 1826-இல் முடித்த ஓபஸ் 131 (படைப்பு எண் 131) குவார்ட்டெட்டையே பாருங்கள்: ஏழு பகுதிகள், இடைவெளியே இல்லை. ஏறத்தாழ 40 நிமிடம் தொடர்ந்து வாசிக்க வேண்டும், நடுவில் நிறுத்திச் சுருதி சேர்க்கவும் நேரமில்லை. தந்தி சற்று இறங்கினால் வாசித்தபடியே விரலால் சரிசெய்து, மற்ற மூவரோடும் இணங்கிப் போக வேண்டும். அதை ஒருவர் தனியாகச் சாதிக்க முடியுமா?

ஒருமுறை வியோலாக் கலைஞருக்கு மிக அருகில் இடம் கிடைத்தது. மெட்டு முதல் வயலினில்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வியோலா தன் ஒலியைக் கொஞ்சம் தணித்தது, அவ்வளவுதான். அதே மெட்டு சட்டென்று துயரமாக மாறிவிட்டது. அன்றிலிருந்து நான் மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் உள்குரல்களைத் தேடிக் கேட்கிறேன். தங்கள் விமர்சகர் இசையை நுட்பமாகக் கேட்பவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அடுத்த முறை நால்வரின் பெயரையும் குறிப்பிட்டு, இரண்டாம் வயலினோ வியோலாவோ இசையின் போக்கை மாற்றிய ஓர் இடத்தையாவது அவர் விளக்கி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்