மூக்கை வெட்டும் முன் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வையுங்கள்

பழைய போர்ஷே 914 கார்களுக்கு முன்பக்க ஆயில் கூலர் பொருத்தித் தரும் பட்டறை நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில் வசிப்பவன். என்னிடம் 1973-ஆம் வருடத்து 914 ஒன்று இருக்கிறது. எஞ்சின் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும், மூக்கில் ஒரு டிக்கி இருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினோடு ஆஸ்னாப்ரூக் நகரில் கார்மன் ஆலையில் பிறந்த கார். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அந்த எஞ்சினை எடுத்துவிட்டு, போர்ஷே 911-ன் 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை உள்ளே வைத்தார். அதன் ஆயிலைக் காற்றில் குளிரவைக்கத்தான் ஆயில் கூலர் தேவைப்பட்டது, அதனால்தான் இந்த மடலும்.

உங்களில் பலருக்கு வெல்டிங்கில் இருக்கும் கைத்திறன் எனக்கு ஏழு பிறவி எடுத்தாலும் வராது. பேட்டரித் தட்டிலிருந்து அமிலம் ஒழுகி, வலது பக்கச் சட்டம் வரை துருப்பிடித்துப்போன 914-களை நீங்கள் திரும்ப எழுந்து நிற்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் உங்களில் பெரும்பாலோர் தொடர்ந்து தவறு செய்கிறீர்கள். காற்று உள்ளே வர ஓட்டை போடுகிறீர்கள். வெளியே போக வழி வைப்பதில்லை.

முதலில் என் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம், அது ஒரு பட்டறையின் குறை மட்டும் அல்ல.

முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் நீள்சதுரமாக ஒரு திறப்பு வெட்டினார்கள். அதற்குப் பின்னால், முன் டிக்கிக்குள், பெரிய கூலர் ஒன்றைச் சாய்வாக நிறுத்தினார்கள். பின்னால் எஞ்சின் வரை இரண்டு பருமனான ஹோஸ்கள், நடுவே ஒரு தெர்மோஸ்டாட். வேலை கண்ணுக்கு அழகாக இருந்தது. ஜூலை மாதத்தில், வெளியே 31 டிகிரி வெயிலில், ஆட்டோபானில் ஏறினேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆயில் 105 டிகிரியில் நின்றது. சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். 150-க்குப் போனதும் முள் ஏற ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் 125. முன் டிக்கி மூடி நடுங்கியது. ஸ்டியரிங் கையில் லேசானது. ஓய்விடத்தில் நிறுத்தி டிக்கியைத் திறந்தேன், முகத்தில் அடுப்படி அனல் அடித்தது. ஸ்டெப்னி டயரைத் தொட முடியவில்லை. அதற்குப் பின்னால்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேகம் கூடினால் எஞ்சின் வெப்பமும் கூடும், அது உண்மை. ஆனால் வேகம் கூடும்போது கூலருக்குக் காற்றும் கூட வேண்டும். அது கூடவில்லை.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசற்கதவும் கொல்லைப்புறக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இரண்டையும் திறந்தால் நடுக்கூடத்தில் காற்று ஓடும். கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் எவ்வளவு பெரிய கதவு வைத்தாலும் கூடத்தில் இலை அசையாது. 914-ன் முன் டிக்கி, கொல்லைக் கதவு இல்லாத கூடம். மூடியைச் சுற்றி ரப்பர் பீடிங், கீழே முழுத் தரை, இரண்டு பக்கமும் எழும்பும் ஹெட்லைட்டுகளின் பெட்டிகள். உள்ளே வந்த காற்று அங்கேயே அழுத்தத்தோடு உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து வரும் காற்று கூலருக்குள் நுழைய மறுத்து, மூக்கின் மேலும் கீழும் வழிந்து போகிறது. கீழே வழிவது காரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்க்கிறது. ஸ்டியரிங் லேசானதற்கு என்னால் சொல்ல முடிந்த காரணம் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் கூலர் வழியாக ஓடுகிறது, அது 15 டிகிரி குளிர்ந்து திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 13 கிலோவாட் வெப்பத்தைக் கழற்றியாக வேண்டும். கூலரைக் கடக்கும் காற்று 40 டிகிரி சூடேறுகிறது என்றால், ஒவ்வொரு நொடியும் சுமார் 280 லிட்டர் காற்று தேவை. முன் டிக்கி கொள்ளும் அளவை விட அதிகம், நொடிக்கு நொடி. மூடியின் ஓரத்து இடுக்குகள் வழியாக இவ்வளவும் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? அதோடு, 40 டிகிரி சூடேறிய காற்று பருமனில் எட்டில் ஒரு பங்கு பெருகியும் இருக்கும். கூலரின் துடுப்புகளுக்குள் நுழைந்து வந்ததில் தன் வேகத்தையும் பெரும்பாலும் இழந்திருக்கும். அதனால் வெளியேறும் வழி உள்ளே வரும் வழியை விடப் பெரியதாக இருக்க வேண்டும். நான் பார்த்த கார்களில் இது தலைகீழாக இருந்தது, அல்லது வழியே இல்லை.

மூடி நடுங்கியதற்கும் கணக்கு உண்டு. 150 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கின் நடுவில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,000 நியூட்டனைத் தாண்டும். அதில் பாதி டிக்கிக்குள் சேர்ந்தால் போதும், முக்கால் சதுர மீட்டர் மூடியை உள்ளிருந்து சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசை மேலே தள்ளும். பிடித்துக்கொண்டிருப்பது ஐம்பது வயதான ஒரு பூட்டு.

வேறு சிலர் செய்த மாதிரி இன்னும் பெரிய கூலர் வாங்கி வைக்கவில்லை நான். அளந்து பார்த்தேன். வீடு கட்டும்போது கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் தெரியும் அல்லவா? அதே டியூபை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினேன். ஒரு முனையிலிருந்து மெல்லிய குழாயைக் கூலருக்கு முன்னால் கொண்டுபோனேன், மறுமுனையிலிருந்து கூலருக்குப் பின்னால். பக்கத்து சீட்டில் நண்பர் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டத்தைப் படித்தார். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை முழுவதும் தடுத்து நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம் 47 மில்லிமீட்டர் தண்ணீர். என் கூலரின் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த வித்தியாசம் 8 மில்லிமீட்டர். முன்னால் நல்ல அழுத்தம் இருந்தது. பின்னாலும் கிட்டத்தட்ட அதே அழுத்தம் இருந்தது, அதுதான் நோய்.

அப்புறம் டிக்கி மூடி முழுக்க ஒரு சாண் நீளக் கம்பளி நூல்களை டேப் போட்டு ஒட்டி, இன்னொரு காரிலிருந்து படம் பிடிக்கச் சொன்னோம். மூக்கைத் தாண்டி மேலே வளையும் இடத்தில் நூல்கள் பின்னோக்கி விறைத்து நின்றன. முன் கண்ணாடியின் அடியில் அவை குழம்பிச் சுழன்றன, சில முன்னோக்கியே திரும்பின. காற்று வேகமாக வளைந்து ஓடும் அந்த முன் பகுதியில் அழுத்தம் குறைவு, கண்ணாடியின் அடியில் அதிகம். டியூபும் அதையே சொன்னது. ஆகவே மூடியில் திறப்பு வைப்பதென்றால் அது முன் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்று கண்ணாடிக்கு அருகே வரிவரியாக லூவர் எனும் சாய்வுக் கீற்றுகளை வெட்டுகிறீர்களே, அங்கே காற்று வெளியே வராது, உள்ளேதான் போகும்.

மூடியில் திறப்பு வைப்பதில் ஒரு குறையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 914-ல் கேபினுக்குப் போகும் புதுக் காற்று கண்ணாடியின் அடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கூலரின் சூடும் ஆயில் வாடையும் அந்த வழியாக ஓட்டுநரிடம் வந்து சேரும். ஒரு ஹோஸ் கசிந்தால் ஆயில் நேராகக் கண்ணாடியில் தெளிக்கும். கீழே தரை வழியாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கசியும் ஆயில் முன் டயருக்குப் போகும். தரை வழி வேலை செய்ய இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. காரின் கீழே ஏற்கெனவே காற்று முட்டிக்கொண்டிருந்தால், அங்கே ஓட்டை போட்டுப் பயன் இல்லை. முன்னால் தாடை போல ஒரு ஸ்பாய்லர் இருந்து, அதற்குச் சற்றுப் பின்னால் திறப்பு இருந்தால் மட்டுமே உறிஞ்சும். 1974-ன் லிமிடெட் எடிஷன் 914-கள் அப்படியொரு ஸ்பாய்லரோடுதான் வந்தன, ஆகவே அது காருக்குப் பொருந்தாத அலங்காரமும் இல்லை. திறப்பின் முன் விளிம்பில் கீழ்நோக்கி விரலளவு உதடு ஒன்று மடித்துவிட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது வழி, பக்கவாட்டில் வீல் ஆர்ச்சுக்குள் விடுவது. அங்கே சக்கரமே காற்றைக் கடைந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து வெளியேற வழி இல்லையென்றால், ஒரு அடைத்த அறையிலிருந்து இன்னொரு அடைத்த அறைக்குக் காற்றை அனுப்புகிறோம், அவ்வளவுதான். போர்ஷேயின் 935 பந்தயக் காரின் முன் மட்கார்டுகளின் மேல் வரிசையாக இருந்த லூவர்களை நினைத்துப் பாருங்கள், வீல் ஆர்ச்சில் சேரும் அழுத்தத்தை வெளியே விட அவர்கள் அவ்வளவு மெனக்கெட்டார்கள். 911-களும் இதில் பாடுபட்டிருக்கின்றன. வலது முன் மட்கார்டுக்குள் வளைந்த குழாயாக டிராம்போன் கூலர், பிறகு துடுப்புள்ள பித்தளைக் கூலர், கடைசியில் 1987 மாடல் கரேராவில் ரேடியேட்டர் போன்ற கூலரோடு மின்விசிறி. இடம் மாறவில்லை, காற்று சரியாக ஓடாத அதே மூலை. 1973 கரேரா ஆர்.எஸ்.ஆர். பந்தயக் காரில் கூலர் மூக்கின் நடுவுக்கு வந்தது தற்செயல் இல்லை. பிற்காலத்து 911-ஆன 997 ஜிடி3-ல் நடு ரேடியேட்டரின் காற்றை டிக்கி மூடிக்கு முன்னால் ஒரு கீற்று வழியாக மேலே விட்டார்கள். குளிர்ச்சியும் கிடைத்தது, முன்பக்கம் தரையில் அழுந்தவும் உதவியது.

நம் 914-க்கும் இதில் பெருமைப்பட ஒரு பரம்பரை இருக்கிறது. 1970-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கிளாட் பாலோ-லேனாவும் கி ஷாசேயும் ஓட்டிய 914/6 ஜிடி, அதாவது ஆறு சிலிண்டர் 914-ன் பந்தய வடிவம், ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்து தன் வகுப்பை வென்றது. அதே ஆண்டு நூர்பர்க்ரிங்கில் நடந்த 86 மணி நேர மாரத்தான் டி லா ரூட்டில் முதல் மூன்று இடங்களும் 914/6 ஜிடி-களுக்கே. மூக்கில் கூலரோடு ஓடியவை அவை. நீங்கள் வாடிக்கையாளரிடம் 'ஜிடி ஸ்டைல்' என்று சொல்லி விற்பது அந்தக் கார்களின் முகத்தை. முகத்தை மட்டும் நகல் எடுத்துவிட்டு, உள்ளே காற்று போகும் பாதையை விட்டுவிடாதீர்கள்.

என் காரில் கடைசியில் என்ன செய்தேன் என்றால், கூலரைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு கூடு செய்து, ஓரங்களை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தேன். சிறிய இடுக்கு இருந்தாலும் காற்று கூலருக்குள் நுழையாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பின்பக்கம் இன்னொரு கூடு, காற்றைத் தரைக்குக் கொண்டுபோகிறது. கீழே உதடு, முன்னால் ஸ்பாய்லர். டிக்கியின் மீதிப் பகுதியும் பெட்ரோல் டேங்கும் இப்போது சூட்டிலிருந்து முழுக்கப் பிரிந்துவிட்டன. டியூபில் 8 மில்லிமீட்டராக இருந்தது 29 ஆனது. அடுத்த ஆண்டு அதே சாலையில், அதே வேகத்தில், ஏறக்குறைய அதே வெயிலில், முள் 104-ல் நின்றது. கூலர் மாறவில்லை. சாலையில் ஓட்டும் காருக்குத் தரை வழிதான் சரி என்பது என் முடிவு. பந்தயத் தடத்துக்கு மட்டும் போகும் கார் என்றால் மூடி வழியைத் தேர்ந்தெடுப்பேன், ஆனால் ஃபைபர் கிளாஸில் தனி மூடி செய்து அதில்தான் வெட்டுவேன். அசல் மூடி சுவரில் பத்திரமாகத் தொங்கட்டும். வரலாற்றுப் பந்தயங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எதை வெட்டும் முன்பும் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதிகளில் வரலாற்றுக் கார்களுக்கான கே பிற்சேர்க்கையைப் (Appendix K) படித்துவிட வேண்டும், அந்தக் காலத்தில் இல்லாத திறப்பு அங்கே செல்லாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் 2.7 எஞ்சின். அதன் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, மக்னீசியம். சூடு தாங்காமல், சிலிண்டர் ஹெட்டை இழுத்துப் பிடிக்கும் ஹெட் ஸ்டட்கள் கேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த எஞ்சின்களை என்னை விட நீங்கள்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள். ஆயில் சூட்டைக் குறைக்கத்தான் வாடிக்கையாளர் உங்களிடம் வருகிறார். முன்னால் ஓட்டையும் உள்ளே கூலரும் இருப்பதைப் பார்த்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பி வேகமாக ஓட்டுகிறார். அந்த நம்பிக்கைதான் எஞ்சினைக் கொல்கிறது.

நான் கேட்பது அதிகம் இல்லை. மூக்கில் கட்டிங் வீலை வைக்கும் முன், காற்று எங்கே வெளியேறப் போகிறது என்று வாடிக்கையாளரிடம் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். வேலை முடிந்ததும் காரை ஒரு முறை சாலைக்குக் கொண்டுபோய், கூலரின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். டியூபும் சாய நீரும் ஒரு மதியச் சாப்பாட்டின் விலைக்குக் கிடைக்கும். மின்விசிறி வைத்தால் போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது அது உதவும், வேகத்தில் போகும்போது அடைத்த அறைக்குள் சுழலும் விசிறியால் பெரிதாக எதுவும் ஆகாது.

போன வாரம் உங்களில் ஒருவரின் பட்டறைக்கு வந்திருந்தேன். லிஃப்டில் ஒரு வெள்ளை 914 நின்றது. மூக்குத் தகடு வெட்டுப்படாதது, துரு இல்லாதது. அதில் பென்சிலால் நீள்சதுரக் கோடு போட்டு வைத்திருந்தீர்கள். தரையிலும் மூடியிலும் ஒரு கோடும் இல்லை. அந்தக் காரை வெட்டும் முன் என்னைக் கூப்பிடுங்கள். பலகை, டியூப், கம்பளி நூல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு 914 உரிமையாளர்