மூத்தவளுக்கு ஒரு புத்தகம்

அன்புள்ள மங்கை,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. நீ கோபப்பட்டால் நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுந்தரி அக்கா ரிட்டயர் ஆகிவிட்டாள். இன்னும் அதே குடைதான்!

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது கயலுக்காக. மே மாதம் உன் பெண்கள் மூன்று பேரும் இங்கே பத்து நாள் இருந்தார்களே, அப்போது கவனித்தேன். மாம்பழம் நறுக்கினால் கொட்டையை அவள் எடுத்துக்கொள்வாள். ஊஞ்சலில் கடைசியாகத்தான் ஏறுவாள். "உனக்கு என்னடி வேணும்?" என்று கேட்டால், "தங்கச்சிங்களுக்குக் குடுங்க அத்தை." பன்னிரண்டு வயதுப் பிள்ளை! கடைக்குட்டியாகப் பிறந்த உனக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

ராத்திரியில் மூன்று பேருக்கும் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' படித்துத் தமிழில் கதை சொன்னேன். டயானா வின் ஜோன்ஸ் எழுதி 1986-இல் வந்தது. ஏழு காதம் தாண்டும் பூட்ஸும் மாயப் போர்வையும் நிஜமாகவே இருக்கிற நாடு. அங்கே மூன்று பேரில் மூத்தவளாகப் பிறப்பது துரதிர்ஷ்டம். மூவரும் அதிர்ஷ்டம் தேடிக் கிளம்பினால் முதலில் தோற்பது அவள்தான், அதுவும் படுமோசமாக. கதாநாயகி சோஃபி அப்படிப் பிறந்த மூத்தவள். நம் பாட்டிமார் சொல்கிற 'மூத்தது மோழை, இளையது காளை' அப்படியே! ஹாஸ்டலில் நீ என்னை எத்தனை வருஷம் மோழை என்று கூப்பிட்டாய்.

கயல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப சோஃபிக்கு ஒண்ணும் நடக்காது."

சோஃபியும் அப்படித்தான் நம்பிக்கொண்டு தொப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். மாற்றாந்தாய் கொடுமைக்காரி இல்லை. யாரும் அவளை அடைத்து வைக்கவில்லை. சூனியக்காரி அவளைத் தொண்டு கிழவியாக்கிய பிறகுதான் வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள், வாய் திறந்து சண்டை போடுகிறாள். கிழவிக்கு என்ன பயம்! அவள் பேச்சுக்குப் பொருள்கள் உயிர்பெறும், அது அவளுக்கே ரொம்ப நாள் தெரியாது. ராஜகுமாரன் வந்து எழுப்பட்டும் என்று தூங்குகிற பெண் இல்லையடி இவள். மந்திரவாதி ஹவுல் அவளுக்குத் தெரியாமல் சாபத்தை எடுக்கப் பார்த்து, முடியாமல் போக, இவளுக்கே அந்த வேஷம் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டுகிறான். அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தும் நான் போகவில்லையே, அப்பாவா தடுத்தார்? யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மங்கை. நானே வேண்டாம் என்றேன்.

ஜோன்ஸும் மூன்று சகோதரிகளில் மூத்தவர். அவருடைய அப்பா புத்தகம் வாங்கித் தருவதில் மகா கருமி. மூன்று பெண்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு. படிக்க இல்லையே என்று அந்தப் பெண் நோட்டுகளில் தானே கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

கதை முடிந்த மறுநாள் காலையில் கயல் சமையலறைக்கு வந்து நின்றாள். "அத்தை, எனக்கு ஒரு நோட்டு வேணும்." பத்து நாளில் அவளாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

'நீ பெரியவ, விட்டுக்கொடு' என்று இனிமேல் அவளிடம் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கூரியரில் அந்தப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் கயல் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்று பேருக்கும் சேர்த்து என்று எடுத்து அலமாரியில் வைத்துவிடாதே.

உன்
செல்வி